கண்டெடுத்த ஒலிகளிலிருந்து இசை: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

கதவின் கிறீச்சு, குழாயில் ஓடும் நீர், மின்விசிறியின் ரீங்காரம், ரயிலின் தடதடப்பு. இவற்றை மூலப்பொருளாக எடுத்து, மின்னணுக் கருவிகளால் அறுத்து, நீட்டி, அடுக்கி இசையாக்க ஸ்வரம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கீபோர்டு வாசிக்கவும் வேண்டியதில்லை. 1944இல் கெய்ரோவில் எகிப்திய இசையமைப்பாளர் ஹலீம் எல்-தாப், கம்பியில் காந்தப் பதிவு செய்யும் ரெக்கார்டரால் ஸார் என்னும் ஆவியோட்டும் சடங்கின் ஒலிகளைப் பதிந்து, அவற்றை உருமாற்றி ஒரு படைப்பாக்கினார். 1948இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷெஃபர் ரயில் ஓசைகளைக் கோர்த்தபோது அவர் கையில் காந்த நாடாகூட இல்லை. இசைத்தட்டின் சுருள் பள்ளத்தை ஒரே வட்டமாக மூடிவிட, ஊசி அதிலேயே சுற்றி ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. இன்றைய லூப்புக்கு அதுதான் முன்னோடி.

அவர்களிடம் இருந்ததைவிட உங்கள் கைபேசியில் வசதி அதிகம். ஆகவே கருவி போதவில்லை என்ற குறை இந்தத் துறையில் செல்லாது. குறைவது பெரும்பாலும் இரண்டுதான்: ஒரே ஒலியோடு நெடுநேரம் மல்லுக்கட்டும் பொறுமை, தொடங்கியதை முடித்து, தேதி போட்டு, வெளியே அனுப்பும் பழக்கம். கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

முதல் படி: எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

தேவையானவை: கையடக்க ரெக்கார்டர் ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்போன், மைக்கின் மேல் போடும் ரோமக் காற்றுறை, கணினி, அதில் ஆடாசிட்டி, ஆர்டர், ரீப்பர் போன்ற ஏதாவது ஒரு மென்பொருள். இதற்கு மேல், மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தால் நல்லது. அதில் கிதார் செருகும் 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காரணம் மூன்றாம் படியில் வரும்.

ரெக்கார்டர் வாங்க முடியாவிட்டால் கைபேசியே போதும், ஆனால் ஓர் எச்சரிக்கை. கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் பதிவுச் செயலி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய ஒலியைத் தானாக உயர்த்தும், உரத்ததை அமுக்கும், சீராக நீடிக்கும் ஓசையை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும். உங்களுக்கு வேண்டியதே அந்த மின்விசிறி ரீங்காரம்தான்! சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும், தானியங்கி ஒலிமட்டத்தை அணைக்க அனுமதிக்கும் செயலியைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்தசைசரை முதல் ஆண்டில் வாங்காதீர்கள். அது கெட்ட கருவி என்பதால் அல்ல. எங்கே தடுமாறினாலும் அது உடனே ஓர் அழகான ஒலியைத் தந்து காப்பாற்றிவிடும். தடுமாற்றத்திலிருந்து நீங்களே வழி கண்டுபிடிக்க வேண்டிய காலம் இது. ஆயத்தமான ஒலித் தொகுப்புகளுக்கும் இதே பதில்தான்.

இரண்டாம் படி: பதிவு

அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ். ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 1 ஜிபி இடம் பிடிக்கும். ஒலியைப் பிறகு வெகுவாக மெதுவாக்கப் போகிறீர்கள் என்றால் 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். இடம் இரட்டிப்பாகும், ஆனால் ஓர் எண்மம் (ஆக்டேவ்) கீழே இறக்கினாலும் மேல்பகுதி மொக்கையாகாது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காத மைக்கில் இந்தப் பலன் முழுதாகக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மிக உரத்த கணம் -12 டெசிபெல்லைத் தொடும்படி மட்டத்தை வையுங்கள். 0ஐத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. -40இல் பதிந்து பிறகு உயர்த்தலாம் என்றால் ஒலியோடு சேர்ந்து மைக்கின் சொந்த இரைச்சலும் உயரும். மிக உரத்ததும் மிக மெல்லியதும் ஒரே கோப்பில் அடங்கும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனாலும் மைக்கே தாங்காத சத்தத்தில் 32 பிட் எதையும் காப்பாற்றாது.

ஒரு பொருளை எடுத்தால் அதை வாத்தியமாகவே நடத்துங்கள். இரும்புக் கதவு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெதுவாகத் திறப்பது, வேகமாகத் திறப்பது, பாதியில் நிறுத்தித் திரும்புவது, கீலை விரலால் அழுத்திக்கொண்டு திறப்பது, தகட்டை நகத்தால் சுரண்டுவது, உள்ளங்கையால் தட்டுவது, ஈரத் துணியால் தேய்ப்பது என ஒவ்வொன்றையும் பத்து முறை செய்யுங்கள். பிறகு மைக்கை 10 செ.மீ., 1 மீட்டர், 5 மீட்டர் என மூன்று தொலைவில் வைத்து மறுபடி. நெருக்கத்தில் உராய்வு பெரிதாகக் கேட்கும். தூரத்தில் கதவு மறைந்து அறை கேட்கத் தொடங்கும். எதிரொலிக் கருவியால் போலியாகச் செய்ய முயலும் தூரம் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

தெரு, சந்தை, நீர்நிலை போன்ற சூழல் ஒலிகளுக்கு வேறு ஒழுங்கு. ரெக்கார்டரைத் தரையிலோ முக்காலியிலோ வைத்துவிட்டுக் கையை எடுங்கள். கையில் பிடித்தால் விரல் நகரும் ஒவ்வொரு முறையும் அடிக்குரலில் 'டொம்' என்று பதியும். குறைந்தது 5 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். செருப்புச் சத்தம், சட்டையின் சரசரப்பு, உங்கள் மூச்சு எல்லாமே விழும். காற்று அடித்தால் உறையோடு சேர்த்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிட்சைப் போடுங்கள். இல்லாவிட்டால் காதுக்கே கேட்காத காற்றழுத்தம் மட்டத்தையெல்லாம் தின்றுவிடும்.

பதிவு முடிந்ததும் நிறுத்துமுன் இடம், பொருள், மைக் தொலைவு ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். தொடக்கத்தில் சொன்னால் சொல்லி முடிப்பதற்குள் நல்ல ஒலி கடந்துபோயிருக்கும். உள்ளரங்கில் பதியும்போது யாரும் எதையும் செய்யாத 30 விநாடி வெற்று அறையையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு வெட்டி ஒட்டும் இடங்களில் விழும் பள்ளங்களை நிரப்ப இது இல்லாமல் தவித்துப்போவீர்கள்.

அடையாளம் தெரியும்படி ஒருவர் பேசுவது பதிவாகிவிட்டால் அவரிடம் கேட்டு அனுமதி பெறுங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியைப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாம் படி: ஒட்டு மைக் செய்வது

சாதாரண மைக் காற்றின் அதிர்வைக் கேட்கிறது. ஒட்டு மைக், அதாவது காண்டாக்ட் மைக், பொருளின் உடலுக்குள் ஓடும் அதிர்வைக் கேட்கிறது. கம்பி வேலி, பாலத்தின் கைப்பிடி, கொதிக்கும் பாத்திரம், மழையில் நனையும் தகரம் ஆகியவற்றுக்குள் இருக்கும் உலகம் காதால் கேட்பதற்குச் சம்பந்தமே இல்லாதது. கடையில் வாங்குவதைவிட நீங்களே செய்வது மலிவு. உடைந்தால் திருத்தவும் தெரிந்திருக்கும்.

வேண்டியவை: அதிர்வை மின்சாரமாக்கும் 27 மி.மீ. பீசோ தகடு 2 (ஒன்று நிச்சயம் உடையும்), ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பின்னல்) உள்ள மெல்லிய ஆடியோ கேபிள் 2 மீட்டர், 6.35 மி.மீ. மோனோ ஜாக் ஒன்று, 25 முதல் 30 வாட் பற்றவைப்புக் கோல், ரோசின் உள்ள ஈயக்கம்பி, மின்காப்பு நாடா, செப்பு நாடா அல்லது சமையலறை அலுமினியத் தாள்.

பீசோவில் இரண்டு பாகம்: வெளியே மஞ்சள் பித்தளை வட்டு, நடுவில் வெள்ளைப் பீங்கான். கேபிளின் உள்கம்பியைப் பீங்கானிலும், வெளிப் பின்னலைப் பித்தளையிலும் பற்றவைக்க வேண்டும். முதலில் கம்பி நுனிகளுக்கு ஈயம் பூசிவையுங்கள். பித்தளையின் ஓரத்தை மணல்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அங்கே ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். பித்தளை சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் இங்கே 3, 4 விநாடி பிடிக்கும். பீங்கானில் அப்படியல்ல: நடுவில் வைக்காமல் சற்று ஓரமாக, ஒரு விநாடி, அதிகம் போனால் இரண்டு. அதற்கு மேல் சூடு பட்டால் மேலே உள்ள வெள்ளிப் பூச்சு உரிந்து ஈயத்தோடு வந்துவிடும். அந்தத் தகடு அவ்வளவுதான். ஜாக் பக்கம் உள்கம்பி நுனிக்கும் பின்னல் உடலுக்கும் போகும்.

பிறகு தகட்டின் இருபுறமும் மின்காப்பு நாடா. அதன் மேல் செப்பு நாடாவையோ அலுமினியத் தாளையோ சுற்றி, அது பித்தளைப் பக்கத்துப் பின்னலை மட்டும் தொடும்படி செய்யுங்கள். பீங்கானைத் தொட்டால் சத்தமே வராது. அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, ஆகவே பின்னலின் ஓர் இழையைத் தாளுக்கு அடியில் வைத்து இறுக்கிச் சுற்றுங்கள். கடைசியாக மேலும் ஒரு சுற்று மின்காப்பு நாடா. கேபிள் தகட்டைச் சந்திக்கும் இடத்தில் ஒரு சொட்டு சூட்டுப் பசை விட்டால் கேபிள் இழுபடும்போது பற்றவைப்பு பிரியாது.

இப்போது தவறுகள். முதலாவதும் மிகப் பரவலானதும், 'தகர டப்பா போல மெலிந்த சத்தம் வருகிறது, பேஸே இல்லை' என்பது. தகட்டின் மேல் பழி இல்லை, செருகிய உள்ளீட்டின் மேல்தான். 27 மி.மீ. பீசோ சுமார் 20 நானோஃபாரட் மின்தேக்கி போல நடந்துகொள்கிறது. 10 கிலோ ஓம் லைன் உள்ளீட்டில் செருகினால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். 2 கிலோ ஓம் மைக் உள்ளீட்டில் அந்த எல்லை 4000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 1 மெகா ஓம் உள்ள இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். அந்த உள்ளீட்டைத் தேடச் சொன்னது இதற்குத்தான். இல்லாதவர்கள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பீசோ முன்பெருக்கி ஒன்றை இடையில் வைக்கலாம். மூன்று முனை மைக் செருகியான எக்ஸ்எல்ஆர் வழியாகச் செருகுவதாக இருந்தால், மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தை முதலில் அணைத்துவிடுங்கள்.

'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால் கையால் பித்தளையைத் தொட்டுப் பாருங்கள். குறைந்தால் ஷீல்டு சரியாக மூடவில்லை அல்லது உள்கம்பியும் பின்னலும் இடம் மாறிவிட்டன. கறகறப்பு வந்தால் பற்றவைப்பு ஆடுகிறது அல்லது பீங்கானில் மயிரிழை விரிசல். வளைந்த பரப்பில் அழுத்தி ஒட்டுவதால் வரும் விரிசல்தான் அதிகம். வளைந்த குழாய்க்கு 20 மி.மீ. தகடு நல்லது.

ஒட்டும் முறையும் ஒலியை மாற்றும். இருபக்க நாடா எளிது, ஆனால் தடித்த நுரை நாடா மேல் அதிர்வெண்களை விழுங்கிவிடும், மெல்லியதையே பயன்படுத்துங்கள். கவ்வியால் இறுக்கினால் ஒலி கூர்மையாகும். தேன்மெழுகு இரண்டுக்கும் நடுவில் நிற்கும், பொருளிலும் தடம் பதியாது. ஒட்டும்போது மட்டத்தை முழுதாகக் குறைத்துவிட்டு ஒட்டுங்கள். தகட்டில் நேரே விழும் தட்டு பல வோல்ட்டைக் கிளப்பும். அந்த வெடி ஹெட்போன் வழியே நேரே காதில் விழும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு காது, மின்காந்தச் சுருள். பழைய தொலைபேசி உரையாடலைப் பதிய உறிஞ்சியால் ஒட்டும் சுருள் ஒன்று உண்டு. கிதாரின் பிக்கப்பும் ஆகும். அதை மைக் உள்ளீட்டில் செருகிக் கணினி, சார்ஜர், திரை, கைபேசி ஆகியவற்றின் அருகே நகர்த்தினால் அவை காதுக்குக் கேட்காமல் பாடிக்கொண்டிருப்பது தெரியும். ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ்டினா கூபிஷ் 2004 முதல் இத்தகைய சுருள் பொருத்திய ஹெட்போனைக் கேட்போருக்கு மாட்டிவிட்டு நகரத் தெருக்களில் நடக்க வைக்கிறார். ஒரு நிபந்தனை: சுருளை வெளியிலிருந்து காட்டுவதோடு நிறுத்துங்கள். சுவர் மின்சாரத்தில் ஓடும் எதையும் திறக்க வேண்டாம். செருகியை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் உயிரைக் குடிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கலாம். பொம்மைகளை நோண்டி ஒலி எடுக்க ஆசை வந்தால் பேட்டரிப் பொம்மையோடு மட்டும்.

நான்காம் படி: கேட்பது, களைவது, பெயரிடுவது

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் 'என்னிடம் ஆயிரம் கோப்பு இருக்கிறது, ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று நிற்கிறார்கள். பதிந்த அன்றே கோப்பின் பெயரை மாற்றுங்கள்: ஆண்டு-மாதம்-நாள், பொருள், செயல், மைக், தொலைவு, எடுப்பு எண். மூலக் கோப்பை ஒருபோதும் வெட்டாதீர்கள். நகல் எடுத்து அதை வெட்டுங்கள். மூலத்துக்கு மூன்று நகல், இரு வேறு வகைச் சேமிப்பில், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில்.

கேட்பதை மறுநாளுக்குத் தள்ளிப் போடுங்கள். பதிந்த அன்று அந்த இடத்தின் நினைவும் சேர்ந்து கேட்கும், எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். மறுநாள் ஒலி மட்டும் இருக்கும். பத்தில் ஒன்று தேறினால் நல்ல அறுவடை.

தேறியவற்றைப் பொருளின் பெயரால் மட்டும் குறிக்காமல் ஒலியின் நடத்தையால் குறியுங்கள். எப்படித் தொடங்குகிறது: வெடிப்பாகவா, ஊர்ந்தா? நடுவில் சீராக நிற்கிறதா, நடுங்குகிறதா, மணலாக உதிர்கிறதா? எப்படி அடங்குகிறது? சுருதி தெளிவாக உண்டா? 'கதவு 14' என்று எழுதினால் அது கதவாகவே இருக்கும். 'ஊர்ந்து தொடங்கும், நடுங்கும், சட்டென அறுபடும்' என்று எழுதினால் அதே நடத்தையுள்ள பேருந்து பிரேக் ஒன்றை அதன் பக்கத்தில் வைக்கத் தோன்றும். இசையமைப்பு உண்மையில் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஐந்தாம் படி: வெட்டுவதும் திரிப்பதும்

எங்கே வெட்டினாலும் இரு முனையிலும் 5 முதல் 10 மில்லிவிநாடி ஃபேட் கொடுங்கள், அதாவது ஒலி மெல்ல ஏறவும் இறங்கவும் விடுங்கள். அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் வெட்டினால் 'டிக்' என்று ஒரு முள் குத்தும். லூப் செய்யும்போது முனைகளை 50 மில்லிவிநாடியாவது ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் குறுக்காக மங்க விடுங்கள். அப்படியும் லூப் என்பது அப்பட்டமாகத் தெரிந்தால், ஒரே நீளத்தில் ஒன்றைச் சுழற்றாமல் 7 விநாடி, 11 விநாடி, 13 விநாடி என மூன்றைச் சேர்த்து ஓட்டுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் மீண்டும் சேர 1001 விநாடி, அதாவது 16 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

உருமாற்றங்களில் மிகப் பழையவையே மிகப் பயனுள்ளவை. வேகத்தைப் பாதியாக்கினால் ஓர் எண்மம் இறங்கும், நீளம் இரண்டு மடங்காகும், வேகத்தில் ஒளிந்திருந்த தாளம் வெளியே வரும். தொடக்கத்தை வெட்டி எறிவது இன்னொன்று. ஷெஃபர் மணியோசையில் அடிபடும் கணத்தை நீக்கிப் பார்த்தபோது மணி போய், ஊதுகருவியின் சாயல் வந்தது. ஒரு ஒலியை இன்னதென்று காது அறிவது பெருமளவு அந்த முதல் சில மில்லிவிநாடிகளை வைத்துத்தான். உங்கள் கதவொலி கதவாகத் தெரியக் கூடாது என்றால் எதிரொலியைக் குவிக்க வேண்டாம், அந்தத் தொடக்கத்தை வெட்டி எறியுங்கள்.

கிரானுலர் என்று சொல்லப்படும் முறை ஒலியை 20 முதல் 100 மில்லிவிநாடித் துணுக்குகளாக்கித் தூவுகிறது. 20க்குக் கீழே போனால் துணுக்குகள் தங்கள் சொந்தச் சுருதியைச் சேர்க்கத் தொடங்கும், 100க்கு மேலே போனால் மூலம் அடையாளம் தெரியும். இதை நேர்த்தியாகச் செய்ய மில்லர் பக்கெட் உருவாக்கிய ப்யூர் டேட்டாவும், ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்ட சூப்பர்கொலைடரும் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னது பெட்டிகளைக் கோட்டால் இணைப்பது, பின்னது நிரல் எழுதுவது. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க முயலாதீர்கள்.

மென்பொருளே இல்லாத முறையும் உண்டு. ஒலியை அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதை மைக்கால் பதியுங்கள். அந்தப் பதிவை மீண்டும் ஓடவிட்டு மீண்டும் பதியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்குப் பிடித்த அதிர்வெண்கள் தடித்து மற்றவை தேயும். 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தன் பேச்சை இப்படிச் சுழற்றி, சொற்கள் கரைந்து அறையின் சுருதி மட்டும் எஞ்சும் வரை கொண்டுபோனார். செய்து பார்ப்பவர்கள் ஸ்பீக்கர் மட்டத்தைச் சுற்றுக்குச் சுற்று சரிபார்க்க வேண்டும். அறையின் ஒரு சுருதி மட்டும் வீங்கிச் சிவப்பைத் தொட்டுவிட்டால் அதன் பிறகு வருவதெல்லாம் ஒற்றை ஊளை.

ஒரு கட்டுப்பாட்டை முதல் மூன்று படைப்புகளுக்கு விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரே மூலப்பொருள், மூன்றே உருமாற்ற முறைகள். கதவு என்றால் கதவு மட்டும். போதவில்லை என்று தோன்றும்போது இன்னும் பதியப் போங்கள், இன்னொரு விளைவுக் கருவியைத் தேடாதீர்கள். எதிரொலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: தொடக்கநிலைப் படைப்புகளில் பாதி அதில் மூழ்கித்தான் சாகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே குகை எதிரொலியைப் போட்டால் பத்து ஒலிகளும் ஒரே ஒலியாகிவிடும், அமைப்பின் ஓட்டைகளும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஆறாம் படி: அடுக்குவது

முதல் படைப்புக்கு மூன்று நிமிடம் போதும். ஒரு தாளில் 18 கட்டம் வரையுங்கள், கட்டத்துக்கு 10 விநாடி. எங்கே அடர்த்தி, எங்கே வெறுமை என்று பென்சிலால் நிழலிட்ட பிறகே கணினிக்குப் போங்கள். திரையில் நேரடியாகத் தொடங்கினால் கண் அடுக்கும், காது பின்தங்கும். காலியிடம் தெரிந்தால் நிரப்பத் தோன்றும். ஒரே நேரத்தில் நான்கு அடுக்குக்கு மேல் வேண்டாம்.

பெரிய முடிவு ஒன்று இங்கே எடுக்க வேண்டியிருக்கிறது. கேட்பவர் மூலத்தை அடையாளம் காணலாமா, கூடாதா? 'ரயில்' என்று புரிந்த கணத்திலேயே அவர் மனத்தில் ஊரும் பயணமும் வந்துவிடும். புரியாதவரை வடிவத்தையும் தடிமனையும் கேட்பார். ஷெஃபர் மூலத்தை மறக்கச் சொன்னார். 1970இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் லுக் ஃபெராரி ஒரு கடற்கரைக் கிராமத்தின் விடியலை ஏறத்தாழ அப்படியே விட்டுவைத்து அதையும் இசை என்றார். எந்தப் பக்கம் போனாலும் சரி, தெரியாமல் நடுவில் தள்ளாடுவதுதான் கேட்பவரைக் குழப்புகிறது. அடையாளம் தெரியாத நான்கு நிமிடத்துக்குப் பிறகு தற்செயலாக ஒரு நாய் குரைத்தால் அதற்கு முன் நடந்ததெல்லாம் நாய்க்கதையாகிவிடும்.

முடிவில் ஒலியை மெல்லத் தேய்த்து விடுவது எளிது. எங்கே முடிப்பது என்று தெரியாததும் அதில் மறைந்துவிடும். குறைந்தது ஒரு படைப்பையாவது வெட்டி முடியுங்கள்.

மிக்ஸில் சுருக்கமாக: 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே காரணமில்லாமல் கிடப்பதை வெட்டுங்கள், உச்சம் -1 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம், மெல்லிய பகுதிகளை கம்ப்ரசரால் தூக்காதீர்கள். இந்த இசைக்கு மென்மைக்கும் உரத்ததற்கும் உள்ள இடைவெளிதான் பாதி உயிர். ஒருமுறை மோனோவில் கேளுங்கள். ஏதாவது அடுக்கு காணாமல் போனால் இடமும் வலமும் ஒன்றையொன்று அழிக்கின்றன.

ஏழாம் படி: மேடையும் ஸ்பீக்கர்களும்

முதல் நேரடி நிகழ்ச்சிக்கு இரண்டு ஒட்டு மைக், சிறு மிக்ஸர், ஒரு டிலே பெடல், நான்கைந்து பொருள்கள் போதும். கணினியைப் பயன்படுத்தினால் பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டு) 128 அல்லது 256 சாம்பிள்; 48 கிலோஹெர்ட்ஸில் 256 என்பது பஃபர் ஒன்றுக்கு 5 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகம். உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் சேர்த்தால் தாமதம் இரட்டிப்புக்கு மேல். வைஃபை, அறிவிப்பு, தூக்கநிலை மூன்றையும் அணையுங்கள். கடைசி வெளியீட்டில், ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் கட்டாயம்.

ஒட்டு மைக் வைத்த மேசை பேஸ் ஸ்பீக்கர் அருகே இருந்தால் மேசையே அதிர்ந்து ஊளையிடும். கால்களுக்கு அடியிலும் பொருள்களுக்கு அடியிலும் தடித்த நுரைப் பலகை வையுங்கள். அரங்கில் ஹம் வந்தால் முதலில் கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் தரைச் சுற்றுதான் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட தரையிணைப்பு வழியே இணைந்து சுற்றாவது) காரணம்; கணினிக்கும் மிக்ஸருக்கும் இடையில் வைக்கும், தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி அதைத் தீர்க்கும். மின்செருகியின் தரை முள்ளை உடைத்தும் ஹம்மை நிறுத்தலாம், ஆளையும் நிறுத்திவிடலாம், செய்யவே செய்யாதீர்கள்.

அரங்குக்கு முன்கூட்டியே ஒரு பக்கத் தேவைப் பட்டியல் அனுப்புங்கள்: மேசை அளவு, மின்செருகிகளின் எண்ணிக்கை, வெளியீடு எத்தனை, எந்த வகை ஜாக், அமைக்க எத்தனை நிமிடம், மேசை வரைபடம். எட்டு ஸ்பீக்கர் படைப்பாக இருந்தால் வரிசை எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். சிலர் முன்னிருந்து பின்னாக இணை இணையாக எண்ணுவார்கள், சிலர் வட்டமாக. படைப்போடு, ஒவ்வொரு தடத்திலும் அதன் எண்ணைக் குரலால் சொல்லும் சோதனைக் கோப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் ஒத்திகையில் பாதி நேரம் மிச்சம். ஸ்டீரியோ படைப்பையும் பல ஸ்பீக்கரில் மிக்ஸர் வழியே கையால் பரப்பி வாசிக்கலாம். அதற்காகவே பாரிஸின் ஜிஆர்எம் என்ற இசை ஆய்வுக் குழு 1974இல் அக்குஸ்மோனியம் என்ற ஸ்பீக்கர் இசைக்குழுவை அமைத்தது.

காட்சிக்கூடத்தில் வைக்கும் ஒலி நிறுவல் வேறு விதம். நாள் முழுக்க, வாரக்கணக்கில் ஓட வேண்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மின்சாரம் வந்ததும் தானே தொடங்கும் எளிய பிளேயரை வையுங்கள், கணினியைத் தவிருங்கள். அங்கே எட்டு மணி நேரம் நிற்கும் காவலரை நினைத்து அமைத்தால் படைப்பும் பிழைக்கும். இரண்டு நிமிடத்தில் திரும்பும் கூர்மையான ஒலியை அவர் மூன்றாம் நாளே குறைத்துவிடுவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

எட்டாம் படி: இதை வாழ்க்கையாக்குவது

கச்சேரிக் கட்டணத்தை மட்டும் நம்பி இந்தத் துறையில் வாழ்பவர்கள் குறைவு. நடனத்துக்கும் நாடகத்துக்கும் ஒலியமைப்பது, ஆவணப்படங்களுக்குச் சூழல் ஒலி பதிவது, பட்டறை நடத்துவது, வானொலிப் படைப்பு, தங்கிப் பணிபுரியும் ரெசிடென்சி, நிறுவல் பணிகள், கற்பித்தல் எனப் பல ஓடைகள் சேர்ந்துதான் வருமானம். நடனத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒத்திகைத் தேதி இருக்கிறது, தவறவிட முடியாது. முடிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

விண்ணப்பங்களுக்கு மூன்று படைப்பு போதும், ஒவ்வொன்றும் 5 முதல் 10 நிமிடம், மூன்றும் வெவ்வேறு குணம். தேர்வுக் குழு முழுதாகக் கேட்காது. உங்கள் சிறந்த ஒரு நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று நேரத்தைக் குறிப்பிடுங்கள். கூடவே 100 சொல்லில் படைப்புக் குறிப்பு. 'ஒலிக்கும் மௌனத்துக்கும் இடையிலான உறவை ஆராய்கிறது' என்ற வாக்கியத்தை ஒவ்வொரு குழுவும் நூறு முறை படித்திருக்கும். எந்தப் பொருள், எப்படிப் பதிந்தது, என்ன செய்தது என்று எழுதுங்கள். நேரடி நிகழ்ச்சியை மிக்ஸரிலிருந்து ஒரு தடம், அரங்கில் ஒரு மைக் என இரண்டிலும் பதியுங்கள். மிக்ஸர் பதிவு மட்டும் உயிரற்றிருக்கும், அரங்கப் பதிவு மட்டும் கலங்கியிருக்கும். இரண்டையும் கலந்தால் சரியாகும். அரங்கப் பதிவு சில மில்லிவிநாடி பிந்தும், தொடக்கத்தில் கைதட்டிப் பதிந்தால் பொருத்துவது எளிது. நுழைவுக் கட்டணம் கேட்கும் போட்டிகளைக் கடைசியில் பாருங்கள்.

பணி ஒப்புக்கொள்ளும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை: நீளம், எத்தனை ஸ்பீக்கர், ஒப்படைக்கும் நாள், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு, உபகரண வாடகை யாருடையது, முதல் நிகழ்ச்சிக்குப் பிறகு படைப்பு யாரிடம் இருக்கும். கடைசியது விட்டுப்போனால், நீங்கள் பதிந்த கதவை நீங்களே வேறிடத்தில் பயன்படுத்த முடியாத நிலை வரலாம்.

உரிமை விஷயத்தில் குழப்பம் அதிகம். கதவின் கிறீச்சு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை ஒருவர் பதிந்த பதிவு அவருக்குச் சொந்தம். வானொலியிலோ கடையிலோ ஓடும் பாட்டு உங்கள் சூழல் பதிவில் விழுந்தால் அதற்கும் உரிமையாளர் உண்டு. பார்சலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் போன்ற களஞ்சியங்களிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் தனித்தனியே பாருங்கள். சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட்டால் போதும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது; ஊதியம் பெறும் நாடகப் பணி வணிகக் கணக்கில்தான் போய்ச் சேரும். உங்கள் படைப்புகளை உரிமைத் தொகை வசூலிக்கும் சங்கத்தில் பதிந்துவையுங்கள். இசைப்படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி எண், ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி எண். இரண்டும் வேறு வேறு, ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக ஆகாது.

ஒவ்வொரு படைப்பும் முடிந்த அன்றே அதற்கு ஒரு கோப்புறை போடுங்கள்: இறுதி வேவ் கோப்பு, ஒவ்வொரு அடுக்கும் தொடக்கத்திலிருந்து ஒரே நீளத்தில் தனித்தனி வேவாக, பென்சில் வரைபடத்தின் படம், பயன்படுத்திய மென்பொருள்களின் பெயரும் பதிப்பு எண்ணும், ஸ்பீக்கர் வரிசை, 100 சொல் குறிப்பு. திட்டக் கோப்பை மட்டும் வைத்திருந்தால் சில ஆண்டுகளில் ஏதோ ஒரு செருகுநிரல் திறக்க மறுக்கும். 'அந்தப் படைப்பை எட்டு ஸ்பீக்கருக்கு மாற்றித் தர முடியுமா?' என்று ஒரு விழாவிலிருந்து கேள்வி வரும்போது, அந்தத் தனித்தனி வேவ்களை எடுத்து வைத்து அன்றே வேலையைத் தொடங்கலாம்.